பீப்பாய்க்காரர் சந்து அந்தோணியார்

ஆகஸ்ட் 3, வியாழன்

கம்பெனியில் இரண்டு டைரி கொடுத்தார்கள். ஒன்று சைட்டுக்கு. இன்னொன்று சும்மா கிடந்தது. சைட் டைரியில் எழுத முடியாததை இதில் எழுதலாம்.

முதல் விஷயம், மூத்திர நாற்றம்.

நாங்கள் மழைநீர் வடிகால் கட்டுகிறவர்கள். ராயபுரத்தில் பீப்பாய்க்காரர் சந்தில் எங்கள் சாமான் கிடங்கு இருக்கிறது. அதன் சுற்றுச்சுவர் நாற்பத்திரண்டு மீட்டர். சந்தில் போகிற ஆண்களுக்கெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்தவுடன்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. 'இங்கு சிறுநீர் கழிக்கக் கூடாது' என்று எழுதிவைத்தேன். இன்று மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு பேர். அதில் நான்கு பேர் 'கூடாது' என்ற சொல்லையே குறிபார்த்து அடித்தார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் கதீஜா அக்கா சிரித்தார்.

"எழுத்த எவன் சார் படிக்கிறான்? சாமி படம் போடு. மூணு மதத்துக்கும் ஒண்ணொண்ணு. அப்பதான் எவனுக்கும் கால் வராது."

டெல்ஃபின் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். சைட்டிலிருந்து இரண்டு தெரு. இன்றோடு ஐம்பத்தைந்து நாள். போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். "இப்பதான் தூங்குனா மாப்ள" என்றார். அப்போது மாலை ஆறு மணி.

ஆகஸ்ட் 5, சனி

தணிகாசலம் என்று ஒரு பெயிண்டர் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் டப்பாக்கள், பக்கவாட்டில் ஏணி. கட்சிச் சின்னத்திலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் வட சென்னைச் சுவர்களில் எல்லாம் போட்டிருக்கிறாராம்.

"பாபா கண்டிப்பா வேணும் சார். பாபா மட்டும் நானூறு போட்டிருப்பேன். கண்ண மூடிக்கிட்டே போடுவேன்."

"திறந்தே போடுங்க."

"அடுத்தது நாகூரு மினாரு. மூணாவது உங்க ஆளு. மாதா போட்றலாமா?"

மாதா வேண்டாம் என்றேன். கையில் குழந்தை இருக்கும், நேரம் பிடிக்கும். அந்தோணியார் போதும். பழுப்பு அங்கி, ஒரே நிறம், அரை நாள் வேலை.

"அந்தோணியார் கையிலயும் புள்ள உண்டு சார்."

குழந்தை சேசு. எனக்கு மறந்துவிட்டது. ஏழு வருடம் ஞாயிறு மறைக்கல்விக்குப் போனவன் நான். பரவாயில்லை, போடுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எழுத வேண்டுமென்றால் ஒழுங்காக எழுத வேண்டும்.

ஜூன் 9. எட்டாவது மாதம். திடீரென்று ரத்தப்போக்கு. அவசர ஆபரேஷன். குழந்தை உள்ளேயே இறந்துவிட்டது. டெல்ஃபினுக்கு மயக்கம் முழுதாகத் தெளிவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. அத்தை அவள் பக்கத்திலேயே இருந்தார். கையெழுத்துப் போட்டதும், பெட்டி வாங்கியதும், கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனதும் நான்.

கண் விழித்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாத்தியா பெனி? யார மாதிரி இருந்தா?"

பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"ஒரு தடவகூடப் பாக்காமயா மூடிட்ட?"

நூற்றில் ஒரு பிரசவம் இப்படி ஆகிறது என்று அதற்குப் பதில் சொன்னேன். தகவல் சரி. சொன்ன நேரம் தவறு.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மா வீட்டுக்குப் போனாள். நாற்பது நாள் கழித்துக் கூப்பிடப் போனேன். கதவருகில் நின்றே சொன்னாள். "நான் கேக்கறதுக்கு உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அது உன்கிட்ட இல்ல. வந்து என்ன பண்ணப்போறேன்?"

இன்று துணி துவைத்தேன். கேஸ் சிலிண்டர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பாபாவும் மினாரும் முடிந்துவிட்டன. அந்தப் பக்கத்தில் மூன்று நாளாக ஒருவரும் ஒதுங்கவில்லை. படம் இல்லாத பத்து மீட்டருக்கு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். இன்று அந்தப் பத்து மீட்டர்.

தணிகாசலம் மாதிரிப் படம் கேட்டார். போனில் ஒன்றைத் தேடி அச்செடுத்துக் கொடுத்தேன். மூலப்படம் சின்னது. பெரிதாக்கியதில் அந்தோணியார் முகம் தேறியது. குழந்தை முகம் மாவு உருண்டையாகிவிட்டது.

"மூஞ்சி தெரியல சார். எப்படிப் போடட்டும்?"

"குழந்தை மாதிரி போடுங்க."

"எல்லாக் குழந்தையும் ஒண்ணா சார்? நெத்தி எப்படி, மோவாய் எப்படி? சொன்னாத்தான கை வரும்."

வெயில் மண்டையைப் பிளந்தது. கான்கிரீட் வண்டி வேறு காத்துக்கொண்டிருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அகலமான நெற்றி. முடி நெற்றியோடு ஒட்டியிருக்கட்டும். மேலுதடு கொஞ்சம் முன்னால். மோவாயில் லேசான பள்ளம். இடது காதின் மேல்நுனி உள்பக்கமாக மடிந்திருக்க வேண்டும், புத்தகத்தில் பக்கத்தின் முனையை மடித்த மாதிரி. அவர் கேட்டுக்கொண்டே போட்டார். காதை மட்டும் மூன்று முறை அழிக்கச் சொன்னேன். மடிப்பு சரியாக வரவில்லை.

கான்கிரீட் வண்டிக்காரர் திட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு லோடு வீண்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

கண்ணைத் தவிர எல்லாம் முடிந்தது. கண்ணைக் கடைசியில்தான் போடுவாராம், எல்லாப் படத்துக்கும் சேர்த்து. அதற்குத் தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். வேட்டி வேறு. கண் வரைகிறவரைக்கும் அது பெயிண்ட். வரைந்துவிட்டால் ஆள். அதனால் எதிரே யாரும் நிற்கக் கூடாது. முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும்.

"உங்க சாமிக்குத்தான அதெல்லாம்? இது அந்தோணியார்" என்றேன்.

"கண்ணு கண்ணுதான சார்."

டிவிஎஸ் வண்டியின் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நான்கு வருடம் சிவில் இன்ஜினியரிங் படித்தது இதற்குத்தான். பாபாவுக்கு இரண்டு நிமிடம். அந்தோணியாருக்கு ஐந்து நிமிடம். உண்மையைச் சொன்னால், கண் வந்த பிறகு அந்த ஆள் என்னைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது.

"குழந்தைக்கு எப்படி சார்? அவரப் பாக்குதா, நம்மளப் பாக்குதா?"

"மூடியே போடுங்க."

"மூடியா?"

"தூங்குது."

"காவலுக்கு வெச்ச ஆளு தூங்குனா செவுத்த யாரு சார் பாத்துப்பாங்க?"

"மத்த ரெண்டு பேரு முழிச்சிருக்காங்கல்ல. நேரமாகுது, போடுங்க."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இமைக்கு ஒவ்வொரு கோடு. நான் கண்ணாடியைத் தூக்கினேன்.

"இதுக்கு வேணாம் சார்."

எதற்கும் இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, சனி

சுவர் காய்ந்திருக்கிறது. எண்ணிக்கை: பூஜ்யம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

புகார்கள் வந்துவிட்டன. சேசு தூங்குகிறாரே என்று ஒரு கிழவர். உலகம் இருக்கிற இருப்புக்கு அவர் தூங்கலாமா என்று கேட்டார். கதீஜா அக்காவின் புகார் வேறு.

"சார், இது பொம்பளப் புள்ள மூஞ்சி."

"குழந்தைல எல்லாம் ஒண்ணுதான்."

"நாலு பெத்தவ நானு. என்கிட்ட சொல்றியா?"

டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சுவர் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

சந்தின் கடைசி வீட்டில் மேகலா என்று ஒரு பெண், பிஸ்கட் கம்பெனி வேலை. அவள் குழந்தை மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். நேற்று அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நின்றிருக்கிறாள். அங்கேயே தூங்கிவிட்டது. விளக்கம் சுலபம். கிடங்கின் தகரக் கூரை நிழல், துறைமுகப் பக்கமிருந்து வரும் காற்று. நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் நான்கு குழந்தைகள் வந்துவிட்டன. அடியில் இரண்டு மெழுகுவர்த்தி. ஒருத்தி ஆணி அடித்துப் பொம்மைத் தொட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். பூச்சு விரியும் என்று கத்தினேன்.

"சார், சத்தம் போடாத" என்றாள் மேகலா. "இப்பதான் கண்ணு மூடுச்சு."

மூத்திரம் போகாமலிருக்கப் போட்ட படம். இப்போது அதன் எதிரில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

செவ்வாய் அந்தோணியாருக்கு உரிய நாள். ஒன்பது குழந்தைகள். ஒரு பர்தா போட்ட அம்மா. திருவொற்றியூரிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு ஒரு குடும்பம். கதீஜா அக்கா கடையில் பால் தீர்ந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்கு டெல்ஃபின் வந்தாள். நீலச் சுடிதார். இளைத்திருக்கிறாள். தாய்மார்களுக்குப் பின்னால், கையில் குழந்தை இல்லாமல் நின்றாள். யாரோ வழிவிட்டார்கள். கிட்டப் போனாள். இடது பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். நிறைய நேரம்.

நான் லாரிக்குப் பின்னால் டயர் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30, புதன்

நேற்று லாரி டயரில் காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

வந்தாள். இருபது நிமிடம்.

செப்டம்பர் 8, வெள்ளி

அத்தை போன் செய்தார். அவராகச் செய்வது இதுதான் முதல் தடவை.

"மாப்ள, செவ்வாக்கிழமையானா கெளம்பிடுறா. திரும்பி வந்து ஒழுங்காச் சாப்புடுறா. நீங்க அங்கதான இருக்கீங்க? ஏதாச்சும் பேசுறீங்களா?"

வேலை அதிகம் என்றேன்.

"பேசுங்க மாப்ள. அவ எதுக்கோ காத்துக்கிட்டிருக்கா."

செப்டம்பர் 12, செவ்வாய்

சந்தில் வடிகால் போக வேண்டிய பாதையில் சோதனைக் குழி தோண்டினோம். டீக்கடைப் பக்கம்தான் வரைபடத்தில் இருந்த பாதை. எண்பது சென்டிமீட்டர் ஆழத்தில் உயரழுத்த கேபிள், மூன்று வரிசை. அதை இந்த மழைக்காலத்துக்குள் யாரும் நகர்த்த மாட்டார்கள்.

சந்தின் அகலம் மூன்று மீட்டர் இருபது. இந்தப் பக்கம் முடியாவிட்டால் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் சுவர்.

வந்தாள். நான் குழிக்குள் இருந்தேன்.

செப்டம்பர் 13, புதன்

மட்டம் எடுத்தேன். சந்தின் நடுவில் போக முடியுமா? முடியாது, பழைய குடிநீர்க் குழாய்.

செப்டம்பர் 15, வெள்ளி

கேபிளுக்குக் கீழே போனால் கடைசி முனையில் சரிவு போதாது. தண்ணீர் திரும்பி வரும். மறுபடி கணக்கிட்டேன். அதே விடை.

செப்டம்பர் 18, திங்கள்

சுவரை வெட்டாமல் அடியில் மட்டும் குடைந்து போகலாமா? அஸ்திவாரம் இரண்டடிதான். விழுந்துவிடும். படத்தை மட்டும் துண்டாக அறுத்து எடுக்கலாமா? சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். பூச்சு செங்கல்லை விட்டு எழும்பியிருக்கிறது. தொட்டால் பொலபொலவென்று கொட்டும்.

ஏழாவது மாற்றுப் பாதை வரைகிறேன். மேலாளர் போனில் கத்தினார். "ஒரு செவுத்துக்கு ஏழு டிராயிங்கா? உனக்கு என்னாச்சு பெனடிக்ட்?"

செலவைக் குறைக்கப் பார்க்கிறேன் என்றேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

கிடங்கு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். சுவரை இடித்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். அடுத்த வியாழன் இடிப்பு. அக்டோபர் பாதியில் மழை பிடிப்பதற்குள் வடிகால் முடிந்தாக வேண்டும்.

சந்துக்காரர்களிடம் நானே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "சுவர் போகுது" என்றேன்.

மேகலா அழுதாள். கிழவர், தூங்குகிற சேசுவை ஒத்துக்கொள்ளாத அதே கிழவர், தன்னைத் தாண்டித்தான் இயந்திரம் வர வேண்டும் என்றார். "நீதான வரைய வெச்ச? நீயே இடிப்பியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேள்வி நியாயமானதுதான்.

கடைசியில் கதீஜா அக்காதான் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"போன மழைக்கு இந்தச் சந்துல எத்தினி நாளு தண்ணி? நாலு நாளு. மேகலா, அப்ப நீ நெறமாசம். உன்னக் கட்டில்ல வெச்சுத் தூக்கினு போனது யாரு? இந்தக் கெழவரு மவனக் கேளு. இன்னொரு தபா தூக்க எவனுக்கும் தெம்பு இல்ல. சாமி கோச்சிக்காது. தண்ணிதான் கோச்சிக்கும்."

கூட்டம் தணிகாசலத்தைப் பார்த்தது. அவர் பீடியை அணைத்தார்.

"கண்ணு தெறந்த படத்த அப்படியே இடிக்கக் கூடாது. நான் வந்து கண்ண மூடித் தரேன். மூடிட்டா அப்புறம் பெயிண்ட்தான். புதுச் செவுரு வந்தா மறுபடி போட்டுத் தரேன்."

அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சந்துக்குத் தெரிந்துவிட்டது. இனி ஒரு ஆளுக்குத்தான் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி அவள் கேட்கக் கூடாது.

செப்டம்பர் 24, ஞாயிறு

போனேன். அத்தை முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

டெல்ஃபின் உள்ளிருந்து வந்தாள். "வியாழக்கிழமை சுவரை உடைக்கிறோம்" என்றேன். வாசற்படியைக்கூட நான் தாண்டியிருக்கவில்லை.

"மொதல்ல உக்காருங்க மாப்ள" என்றார் அத்தை.

டெல்ஃபின் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தக் காது உனக்கு எப்படித் தெரியும்?"

"எந்தக் காது?"

"நடிக்காத. எங்கப்பா காது அது. எங்க குடும்பத்துல மட்டும் வர்ற காது. நீ எங்கப்பாவப் பாத்ததே கிடையாது. போட்டோலயும் எல்லாத்துலயும் முண்டாசு. பெயிண்டர்கிட்ட கேட்டேன். இன்ஜினியர் சார் சொல்லித்தான் போட்டேன்னாரு. மூணு தடவ அழிச்சுப் போடச் சொன்னியாமே."

அத்தையின் கை முறத்தில் நின்றுவிட்டது.

"பார்த்தேன்" என்றேன்.

"என்ன?"

"பார்த்தேன் டெல்ஃபி. நர்ஸ் கேட்டாங்க, பாக்கறீங்களான்னு. கையில வாங்குனேன்."

"எவ்ளோ நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

"ஏன்டா இல்லன்ன?"

யோசித்து வைத்திருந்த காரணத்தைச் சொன்னேன். ஒரு முகம் தெரிந்துவிட்டால் அவளால் மறக்க முடியாது. முகம் இல்லாவிட்டால் சீக்கிரம் ஆறிவிடும். அப்போது எனக்கு அது சரியாகப்பட்டது. நேற்றுவரைக்கும்கூடச் சரியாகத்தான் பட்டது. வாய்விட்டுச் சொன்னபோது, இது என்னைப் பற்றிய கணக்கு, அவளைப் பற்றியதல்ல என்று எனக்கே கேட்டது.

"நூறு நாளா மூஞ்சி இல்லாத புள்ளயத் தூக்கிக்கிட்டு அலையறேன்டா நான்" என்றாள். "கனவுல வரும். திரும்பும். மூஞ்சி இருக்காது. நாலு செவ்வாக்கிழமை அந்தச் செவுத்துக்கிட்ட நின்னேன். வந்து சொல்லுவன்னு. நீ லாரிக்குப் பின்னால ஒளிஞ்ச."

"டயர்..."

"போ பெனி. போயிடு."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். படியிறங்கினேன். பின்னாலேயே அத்தை வந்தார், கையெல்லாம் இறால் ஓடு.

"எங்க வூட்டுக்காரரு காதா மாப்ள?"

"ஆமா அத்தை."

"ரெண்டு காதுமா?"

"இடது மட்டும்."

"அவருக்கும் இடதுதான்" என்றார். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

கடைசிச் செவ்வாய். சந்து கொள்ளவில்லை. முப்பது குழந்தைகளாவது இருக்கும். பாதி தூங்கின, பாதி கூட்டத்தில் பயந்து வீறிட்டன. கதீஜா அக்கா எல்லோருக்கும் இலவசமாகச் சுக்குப் பால் கொடுத்தார்.

லாரிக்குப் பின்னால் போகவில்லை. சுவருக்கு எதிரே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை நின்றேன்.

அவள் வரவில்லை.

செப்டம்பர் 27, புதன்

செங்கல் வந்தது. கம்பி வந்தது. ஜேசிபி நாளை ஏழு மணிக்கு.

செப்டம்பர் 28, வியாழன்

தணிகாசலம் ஆறரைக்கே தலைக்குக் குளித்துவிட்டு வந்துவிட்டார். இந்த முறை கண்ணாடி இல்லை. பாபாவின் கண்மேல் இமை வரைந்தார், தூரிகையை ஒரே இழுப்பாக இழுத்து. அந்தோணியாருக்கும் அப்படியே. அதுவரை சந்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் சட்டென்று வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டார். பெண்கள் பொம்மைத் தொட்டில்களைக் கழற்றிக்கொண்டார்கள்.

தணிகாசலம் குழந்தை முன்னால் வந்து நின்றார். தூரிகையைத் தண்ணீரில் அலசினார்.

"இதுக்கு நான் செய்ய ஒண்ணுமில்ல சார்" என்றார்.

ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. ஆபரேட்டர் இயந்திரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். கைகாட்ட வேண்டியது நான். தடுப்புக் கயிறு சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். இன்னொரு தடவையும் பார்த்தேன்.

டெல்ஃபின் சந்து முனையிலிருந்து நடந்து வந்தாள். தலை வாரவில்லை. கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, சுவரைப் பார்த்தபடி என் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"எடை?" என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது கிராம்."

"நீளம்?"

"நாப்பத்தொரு சென்டிமீட்டர்."

"முடி?"

"நெறய இருந்துச்சு. ஈரமா. நர்ஸ் துடைச்சு வலது பக்கமா ஒதுக்கிவிட்டாங்க."

"கை?"

"என் சுண்டுவிரல எடுத்து உள்ளங்கையில வெச்சேன். விரல் எல்லாம் அதச் சுத்தி அப்படியே படிஞ்சுது. நகம்கூட வளந்திருந்துச்சு."

"சூடா இருந்தாளா?"

"இருந்தா. மொதல்ல."

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"பேசுனியா?"

"சைட்லருந்து அப்படியே வந்துட்டேன், சட்டையெல்லாம் சிமென்ட்டு, கோச்சுக்காதன்னேன்."

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்தாள். கசங்கப் பிடித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பேசல. வெச்சுக்கிட்டிருந்தேன். நேரமாச்சுன்னு வாங்கிக்கிட்டாங்க. குடுக்க மனசே இல்ல டெல்ஃபி. உன்கிட்ட சொன்னா அதையும் சொல்லணும்ல. அதான்."

இதை நான் எழுதியதில்லை. யோசித்ததுகூட இல்லை. வாயிலிருந்து வந்தது.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு என்ன நெறமா இருந்திருக்கும்?"

"தெரியல."

"என் கண்ணு மாதிரி பழுப்பா?"

"அது மட்டும் தெரியல டெல்ஃபி. தெறக்கவே இல்ல."

"சரி" என்றாள். "எனக்கும் தெரியாது."

சட்டையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன. கயிற்றுக்கு அப்பால் மொத்தச் சந்தும் நின்றது. மேகலா தன் பிள்ளையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொண்டாள்.

"சார், எடுக்கலாமா?" என்று ஆபரேட்டர் மேலிருந்து கேட்டார்.

கையைத் தூக்க முடியவில்லை.

"எடுங்கண்ணே" என்றாள் டெல்ஃபின்.